வலை கிழிந்த இடம்

"எவனோ மருந்தடிச்சி என் நெல்லைச் சாவடிச்சிட்டான் சார்!" கங்கம்மா காய்ந்த கதிர்களைத் துப்பறிவாளர் துளசிராமனின் மேசைமேல் போட்டாள். "இந்தப் போகமும் பூட்ச்சின்னா நெலத்துக்காரர் கம்பெனிக்கு வித்துடுவாரு. குத்தகைக்காரி நான் இன்னா பண்றது?"

சந்தேகம் யார்மேல் என்று கேட்பதற்குள் பெயர் வந்துவிட்டது: பக்கத்து ரைஸ்மில் பரசுராமன். மில்லில் எரித்த உமிச் சாம்பல் பயிரில் பறந்து விழுகிறதென்று போன வருஷம் பெரிய சண்டை. அதைத் தடுக்கத்தான் கங்கம்மா வேலியோரம் பச்சை வலை கட்டினாள். அதுவும் ஓரிடத்தில் கிழிந்திருந்ததாம்.

உதவியாளர் சோனியாவுக்குக் கை பரபரத்தது. கும்மிடிப்பூண்டியிலிருந்து வயலுக்குப் போய்ச் சேருவதற்குள் மனசுக்குள் பரசுராமனுக்கு விலங்கே மாட்டிவிட்டாள்.

வயல் முழுக்கக் கதிர்கள் கழுத்தொடிந்து தொங்கின. வலை கிழிந்து கம்பம் சாய்ந்திருந்த இடத்துக்கு நேரே மட்டும் ஒரு திட்டு பச்சையாக நின்றது. சோனியா அங்கே ஓர் இலையை உருவிப் பார்த்து, "ஸ்ஸ்" என்று விரலை உதறினாள். ரத்தம். வலை மறைத்த பக்கத்து இலையோ மெத்தென்றிருந்தது, அறுக்கவே இல்லை.

"கிழிசல் வழியாத்தான் சார் தெளிச்சிருக்கான்!"

"அப்போ கிழிசல்கிட்ட இருக்கறதுதானேம்மா மொதல்ல சாகணும்?" என்றார் துளசிராமன்.

பரசுராமனையும் வரப்புக்கு வரச் சொல்லிவிட்டுப் பேசினார்.

"கதிர்க் கழுத்துல கருப்பா இருக்கு பாருங்க. இது விஷமில்ல, குலை நோய். காத்துல வர்ற பூஞ்சை. வலையை யாரும் கிழிக்கல. புயல்காத்து கம்பத்தோட சாச்சிருக்கு. இந்தத் திட்டு எப்படித் தப்பிச்சதுன்னு சோனியா விரலைக் கேளுங்க. உமிச் சாம்பல்ல சிலிக்கா இருக்கு. வேர் அதை உறிஞ்சி இலைக்கு ஏத்தும். இலை முரடாயிடும், பூஞ்சை சுலபமா உள்ள நுழையாது. இத்தினி வருஷமா இந்த வயலைக் காத்தது அந்தச் சாம்பல்தான்."

கங்கம்மா வலையைப் பார்த்தாள். "இப்ப அந்தச் சாம்பலை வாரிப் போட்டா..?"

"முன்னாடியே இலையில ஏறியிருக்கணும்மா. கழுத்து ஒடிஞ்சப்புறம் பிரயோஜனமில்ல."

"அடுத்த போகத்துக்கு எவ்ளோ வேணா அள்ளிக்கினு போக்கா," என்றான் பரசுராமன். அடுத்த போகம் அவளுக்கு இல்லை என்பது அவனுக்கும் தெரியும்.

சோனியாவுக்கு அழுகை வந்தது. பிடித்துக் கொடுக்க ஓர் ஆள்கூட இல்லை. கங்கம்மா போய் வலையின் முடிச்சுகளை அவிழ்க்க ஆரம்பித்தாள். ஒன்றுகூட அவிழவில்லை, அவ்வளவு இறுக்கிக் கட்டியிருந்தாள்.