அப்பா அறை ஜன்னல் செடி

கத்தரி இவ்வளவு சுலபமாக இறங்கியிருக்கக் கூடாது. பன்னிரண்டு வருடமாக யாரும் கை வைக்காத செடி, பரணிலிருந்து இறக்கிய துருப்பிடித்த தோட்டக் கத்தரி, கட்டைவிரல் பருமனுக்குக் கிளைகள். இருந்தும் முதல் கிளையே நன்றாக வெந்த கிழங்கைப் போலச் சத்தமில்லாமல் துண்டாகி அவள் கையோடு வந்துவிட்டது. வெட்டிய இடத்தில் வெளிறிய மஞ்சளாக ஏதோ கசிந்தது. விரலில் பட்டதைத் துணியில் துடைத்தாள். போகவில்லை. முகர்ந்து பார்த்தாள். பச்சிலை வாசனை இல்லை. வேறு எங்கோ, தினமும், நன்றாகப் பழகிய வாசனை.

அப்போது காலை மணி பத்து. நான்கு மணிக்குத் தம்பி அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து காரில் அழைத்து வருகிறான். எந்தக் காலத்திலும் இலை உதிர்க்காத அந்தச் செடி அப்பாவின் அறை ஜன்னலை முழுக்க மூடியிருந்தது. நடுப்பகலிலும் உள்ளே விளக்குப் போட வேண்டும். “அந்த ரூமுக்கு வெயில் வரணும், காத்து வரணும். இந்தத் தடவை ஒரு கால் விரல எடுத்ததோட விட்டோம். இன்னொரு தடவை சீழ் வச்சா முழங்காலுக்குக் கீழ எடுத்துடுவோம்” என்று டாக்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொல்லியிருந்தார்.

அவள் மேலிருந்து கீழாக, வலமிருந்து இடமாக வெட்டிக்கொண்டு போனாள்.

“என்னடி, உன் கையில யாரு கத்தரிய குடுத்தது?” பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா மதிலுக்கு மேல் தலையை நீட்டினாள். “ஒரு தோள் ஏறி, ஒரு தோள் இறங்கி! இப்படி நான் தைச்சுக் குடுத்தா என் மூஞ்சியிலயே வீசியிருப்ப.”

“நாலு மணிக்குள்ள முடிக்கணும்க்கா. அப்பா வர்றாரு.”

“வரட்டும், வரட்டும். ஆமா, இந்த வெயில்ல எங்க வீட்டுச் செடியெல்லாம் கருகிப் போச்சு. உன்னோடது மட்டும் எப்படிடி எண்ணெய் தடவின மாதிரி மினுக்குது? என்ன உரம் போடற?”

“ஒண்ணும் போடறதில்லக்கா.”

தையல்காரம்மா மூக்கைச் சுளித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நல்லவேளை, என்ன நாற்றம் என்று கேட்கவில்லை.

ஒன்றும் போடுவதில்லை என்பது பொய். மூன்று வருடமாகக் காலையும் மாலையும் அப்பாவின் கால் புண்ணுக்குக் கட்டு மாற்றுகிறவள் அவள்தான். பிரித்த துணியைப் பையில் கட்டித் தெருமுனைத் தொட்டியில் போட வேண்டும் என்று நர்ஸ் சொல்லிக்கொடுத்திருந்தாள். முதல் வாரம் அப்படித்தான் போட்டாள். பிறகு ஒரு மழை நாளில், சோம்பல்பட்டு, ஜன்னல் கம்பி வழியே செடிக்குள் திணித்துவிட்டாள். செடி அதை வாங்கிக்கொண்டது. மறுநாள் துணியும் தெரியவில்லை, நாற்றமும் இல்லை. அதிலிருந்து எல்லாமே அங்கேதான். “அக்கா பாத்துக்கறதாலதான் அப்பா நடமாடறார்” என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கும் தம்பி வருவதற்குள் அத்தனையையும் எடுத்து எரித்துவிட வேண்டும்.

இம்மாதிரிச் செடிகளில் பச்சை என்பது மேலாக ஒரு சாண்தான். உள்ளே காய்ந்த பழுப்புக் குச்சிகள் இருக்கும். அவள் அந்தப் பச்சையைக் கழித்துவிட்டு இரு கைகளாலும் விலக்கினாள். உள்ளேயிருந்து வெதுவெதுப்பான மூச்சு மாதிரி ஒன்று முகத்தில் அடித்தது. வாசனை எது என்று அப்போது புரிந்தது. கட்டைப் பிரித்தவுடன் வரும் அதே வாசனை.

துணிகள் குப்பையாகக் கிடக்கவில்லை. ஒவ்வொரு குச்சியிலும் ஒழுங்காகச் சுற்றப்பட்டிருந்தன. குறுக்கே இரண்டு சுற்று, நெடுக்கே ஒன்று, ஓரத்தில் சின்ன முடிச்சு. அவள் கட்டுகிற விதம். மூன்று வருடத்துத் துணி காய்ந்து மக்கியிருக்க வேண்டும். எல்லாமே ஈரமாக இருந்தன. ஒன்றை மெல்லப் பிரித்தாள். கடைசிச் சுற்று ஒட்டிக்கொண்டு, நூல் நூலாக, கொழகொழவென்று உரிந்து வந்தது. அடியில் மரப்பட்டை இல்லை. சிவந்து, மிருதுவாக, ஓரம் வெளுத்து ஊறிய சதை.

கத்தரியைக் கீழே போட்டாள். எவ்வளவு நேரம் நின்றாளோ தெரியாது. போன் அடித்தது.

“அக்கா, அப்பா பத்து மணியிலேருந்து ஒரே கத்தல். கால யாரோ துண்டு துண்டா வெட்டறாங்கன்றார். டாக்டர் பிரிச்சுப் பாத்தாச்சு. புண்ணு நல்லாத்தான் இருக்காம்.”

“இப்ப?”

“இப்பதான் ஒரு பத்து நிமிஷமா சும்மா இருக்கார்.”

“வைக்காத. இரு.”

கண்ணுக்கு நேரே ஒரு பிஞ்சுக் கொழுந்து. நகத்தால் கிள்ளினாள்.

போனில், தூரத்தில், அப்பா வீறிட்டார்.

“பாத்தியா, மறுபடியும்!” என்றான் தம்பி. “சரி, ஊசி போட்டுக் கூட்டிட்டு வந்துடறேன். நீ என்ன பண்ற?”

“செடி வெட்டறேன்.”

“சீக்கிரம் முடிச்சுடு.”

வெட்டிய இடங்களை அவள் அப்போதுதான் ஒட்டுமொத்தமாகப் பார்த்தாள். நூறு இருக்கும். நூறும் கசிந்துகொண்டிருந்தன. மதில் விரிசலிலிருந்து எறும்புகள் வரிசை பிடித்து வந்துகொண்டிருந்தன.

உள்ளே ஓடினாள். மருந்துத் தண்ணீர், பஞ்சு, அலமாரியிலிருந்த புதுத் துணிச் சுருள்கள். செடியடியில் மண்டியிட்டாள். எறும்பைத் தட்டி, துடைத்து, மருந்து வைத்து, கட்டினாள். அடுத்தது. துடைத்து, கட்டினாள். சில இடங்களில் எறும்பு உள்ளே போய்விட்டிருந்தது. விரல் நுனியால் நோண்டி எடுத்தாள். செடி சுருங்கியது. கை முழங்கை வரை பிசுபிசுத்தது. வாந்தி எடுத்தாள். வாயைத் துடைக்கக் கை சுத்தமாக இல்லை. அடுத்தது.

சுருள்கள் தீர்ந்தன. பழைய விரிப்பைக் கிழித்தாள். அதுவும் தீர்ந்தது.

ஒன்று பாக்கி. அடித்தண்டில், உள்ளங்கை அகலம். எறும்பு மொய்த்துக் கறுத்திருந்தது.

வாசலில் கார் நின்றது. கதவு திறக்கும் சத்தம்.

“ஊருதுடா... ஐயோ, உள்ள ஊருதுடா...”

அப்பாவின் குரல்.

எறும்பை வழித்தெறிந்தாள். துணி இல்லை. கையை வைத்து அழுத்தி மூடினாள். சூடு. ஈரம். அடியில் ஏதோ அசைந்தது. தொண்டை ஒன்று விழுங்குவது போல. ஒருமுறை.

வாசலில் முனகல் நின்றது.

“அப்பாடா” என்றார் அப்பா, குழந்தை மாதிரிச் சிரித்துக்கொண்டு. “இப்ப சுகமா இருக்குடா. எங்கடா உங்க அக்கா?”

அவள் கையை எடுக்கப் பார்த்தாள். தோல் இழுபட்டது.

கை வரவில்லை.

மறுபடி விழுங்கிற்று.