காலாவதியான ஒச்சப்பன்

நிலவின் தென்பள்ளத்தில் பெயர் காலாவதியாவது பெரிய செய்தி இல்லை. தண்ணீர் வடிகட்டி அடைத்துக்கொள்ளும், காற்றுப்பையின் வாய் கிழியும், அதுபோல மூன்று வருடத்துக்கு ஒருமுறை பெயரும் தீர்ந்துபோகும். போய்ப் புதுப்பித்துக்கொண்டு வரவேண்டியதுதான். மறந்தவன் மாட்டிக்கொள்வான்.

ஒரு காலத்தில் மனிதர்களை எண்களை வைத்துக் கூப்பிட்டார்களாம். எண்கள் நீண்டு நீண்டு யாருக்கும் நினைவில் நிற்காமல் போகவே, பெயரையே எண்ணாக்கிவிட்டார்கள். பூமிக்கும் நிலவுக்கும் சேர்த்து ஒரு பெயருக்கு ஒரே ஆள். நல்ல பெயர்களை முந்தியவர்கள் எடுத்துக்கொண்டார்கள். பிந்தியவர்களுக்குக் கிடைத்தது மிச்சம். ஒச்சப்பனின் பக்கத்து அறைக்காரருக்குப் பதிவேட்டில் ‘மழைக்காலச் சுந்தரபாண்டி’ என்று பெயர். அந்த மனிதர் மழையைப் பார்த்து இருபது வருடம் ஆகிறது. ஒச்சப்பனுக்கு மட்டும் முன்னொட்டு பின்னொட்டு எதுவும் இல்லாமல் வெறும் பெயர் கிடைத்தது. அந்தப் பெயரைக் கேட்டு வேறு யாரும் வரவில்லை, அவ்வளவுதான். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

பெயர்களை வைத்திருந்தது பெயர்ப் பதிவகம். மனிதனுக்குப் பெயர் சொந்தமில்லை, வாடகைதான். கதவு திறக்க விரல் போதும், சோறு வாங்க அட்டை போதும். ஆனால் பெயர் இல்லாதவனை யாரும் கூப்பிட முடியாது, அவனும் வீட்டிலிருந்து யாரையும் கூப்பிட முடியாது.

ஒச்சப்பனைக் கூப்பிட உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் உண்டு. சாத்தூரில் இருக்கும் மகள் நாகவல்லி. அவளுக்கு ஆறு வயதாக இருந்தபோது பனிக்கட்டி வெட்டும் வேலைக்கு இவர் மேலே வந்தார். முப்பது வருடத்தில் நிலவின் லேசான பாரத்துக்கு எலும்பு பழகிவிட்டது. இனிமேல் பூமியில் கால் வைத்தால் நிற்க முடியாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். மனைவி போய்ச் சேர்ந்தாள். மிச்சம் இருந்தது மாதத்தின் முதல் ஞாயிறு வரும் அந்த ஒரு அழைப்பு.

ஒரு மாதம் அந்த ஞாயிறு அழைப்பு வரவில்லை. சாயங்காலம் வரை பார்த்துவிட்டு, தன் கருவிதான் பழுதோ என்று சுந்தரபாண்டியிடம் போய்த் தன்னைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். சுந்தரபாண்டி கூப்பிட்டார். ஒச்சப்பனின் கருவி பேசாமல் கிடந்தது. ஆனால் சுந்தரபாண்டியின் கருவியில் ஒச்சப்பனின் குரலே எடுத்துப் பேசியது.

“சொல்லுங்க தம்பி. சாப்பிட்டீங்களா? வீட்ல எல்லாரும் சொகமா?”

ஒச்சப்பன் வாயை மூடிக்கொண்டு எதிரே நின்றுகொண்டிருந்தார். சுந்தரபாண்டி அவரையும் கருவியையும் மாறி மாறிப் பார்த்தார்.

“என்னண்ணே, இங்கயும் நிக்கிறீரு, அங்கயும் பேசுறீரு,” என்றார். “இருபது வருசப் பழக்கத்துல ஒருநா என்னையச் சாப்பிட்டியான்னு கேட்டிருக்கீரா? அங்க இருக்கறவரு தேவலையே.”

நடந்தது இதுதான். ஒச்சப்பனின் பெயர் தவணை முடிந்து காலாவதியாகிவிட்டது. பதிவகம் அதை ‘நிறுத்தகம்’ என்ற இடத்தில் கொண்டுபோய் வைத்தது. நிறுத்தகத்தில் உள்ள பெயர்களைச் சும்மா விடமாட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு ‘பதிலி’யை உட்கார வைப்பார்கள். பதிலி என்பது பேசும் எந்திரம். பழைய அழைப்புகளில் சேமித்து வைத்த குரலை எடுத்துக்கொண்டு, கூப்பிடுகிறவரிடம் பிரியமாகப் பேசி, வைக்கவிடாமல் பிடித்து, நடுவில் எதையாவது விற்றுவிடும்.

மறுநாள் ஒச்சப்பன் பதிவகத்தின் கிளைக்குப் போனார். முன்கூட்டி ஏன் சொல்லவில்லை என்று முகப்பு எந்திரத்திடம் கேட்டார். சொன்னோம் என்றது எந்திரம். உண்மைதான், சொன்னார்கள். பெயர் எடுத்த முதல் வாரத்திலிருந்தே ‘உங்கள் பெயர் காலாவதியாகப் போகிறது, உடனே வாருங்கள்’ என்று தினமும் காலையில் ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. முதல் இரண்டு தடவை அலறியடித்துக்கொண்டு ஓடினார். இன்னும் நாள் இருக்கிறது, வந்ததுதான் வந்தீர்கள், கூட ஒரு பட்டப்பெயர் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அதற்குப் பிறகு அந்தக் குரல் கேட்டாலே அணைத்துவிடுவார். கடைசி எச்சரிக்கையும் அதே குரலில், அதே நேரத்துக்கு, அதே வார்த்தைகளோடு வந்தது. அதையும் அணைத்துவிட்டார்.

முப்பது நாள் மீட்புக் காலம் உண்டு, புகார் கொடுங்கள் என்றது எந்திரம். கொடுத்தார். நாலாம் நாள் போய்க் கேட்டபோது புகார் முடித்துவைக்கப்பட்டது என்றது. புகார்தாரர் யார் என்று உறுதி செய்ய, விதிப்படி அவருடைய பெயரைக் கூப்பிட்டார்களாம். ஒச்சப்பன் எடுத்தாராம். தமக்கு ஒரு குறையும் இல்லை, பதிவகத்தின் சேவை திருப்தி என்று சொன்னாராம்.

“அது நீங்க ஒக்காத்தி வச்ச எந்திரம்.”

“ஒச்சப்பன் என்ற பெயரில் பேசியது ஒச்சப்பன்தான்,” என்றது முகப்பு எந்திரம். “தாங்கள் யார்?”

திருட்டுப் பயல்கள் என்று சொல்லிவிட்டு வந்தார். எந்திரத்துக்கு அது உறைக்கவில்லை.

அடுத்து, சுந்தரபாண்டியின் பெயரிலிருந்து மகளைக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். தெரியாத பெயர் என்று நாலு தடவை எடுக்கவில்லை. ஐந்தாம் தடவை எடுத்தாள். ஒச்சப்பன் விவரம் சொல்வதற்குள் குறுக்கே விழுந்தாள்.

“எங்கப்பா பேரு போயிருச்சு, ஆபத்துல இருக்காரு, அதானே? இந்த மாதிரி எத்தன பேரு கெளம்பியிருக்கீங்க? எங்கப்பாகிட்ட ஞாயித்துக்கெழமகூடப் பேசுனேன், வைங்க.”

“நாந்தாம்மா பேசுறேன்.”

“யாரு குரலயும் செஞ்சு கொண்டாருவீங்கன்னு எங்கப்பாதான் சொல்லிக் குடுத்திருக்காரு,” என்று வைத்துவிட்டாள்.

அவளைக் குறை சொல்ல முடியாது. யாரையும் நம்பாதே என்று ஆறு வயதிலேயே சொல்லி வளர்த்தவர் இவர்தான். இதில் மட்டும் பிள்ளை அப்பனைக் கொண்டிருந்தது.

கிளையில் ஜெபராணி என்று ஒரு அம்மாள் இருந்தாள். அந்தக் கட்டடத்திலேயே மூச்சுவிடுகிற ஆள் அவள் ஒருத்திதான். எந்திரத்துக்குத் தெரியாமல் ஒச்சப்பனை ஒதுக்கமாகக் கூப்பிட்டு, வடபள்ளத்தில் இருக்கும் தலைமையகத்துக்கு நேரிலே போய் விரலும் எலும்பும் காட்டினால் பெயரைக் கொடுத்துத்தான் ஆகவேண்டும், விதியில் அப்படி ஒரு வரி இருக்கிறது, யாரும் சொல்லமாட்டார்கள் என்றாள். ஊர்தியில் ஏழு நாள் பயணம். அதற்கு இடம் கிடைக்கவே இரண்டு வாரம் ஆனது.

தலைமையகத்தின் வாசலில் இவரைப்போலவே ஒரு கூட்டம் தரையில் கிடந்தது. ஒருத்தி, பிறக்கப்போகிற பேத்திக்கு ஒரு பெயர் காலியாக இருக்கிறதா என்று விசாரித்திருக்கிறாள். விசாரித்த மறுநொடியே பதிவகம் அந்தப் பெயரைத் தானே எடுத்து வைத்துக்கொண்டது. இன்னொருவர் வேறு பதிவகத்துக்கு மாறுகிறேன் என்று சொல்லிவிட்டார். சொன்ன பாவத்துக்கு அவர் பெயரைப் பூட்டி வைத்து, பூட்டிய நாளிலேயே அதைக் காலாவதியாக்கினார்கள். ஒருவர் சொல்வதை இன்னொருவர் கேட்டு அடப்பாவிகளா என்றார்கள். அதற்கு மேல் அவர்களால் என்ன செய்ய முடியும்?

மீட்புக் காலத்தின் இருபத்தொன்பதாம் நாள் ஒச்சப்பனின் முறை வந்தது. விரல் பார்த்தார்கள், எலும்பைப் படம் எடுத்தார்கள். பெயரைத் திருப்பிக் கொடுத்தார்கள். கொடுத்தவனுக்கு அவர் நன்றி சொல்லவில்லை. தன் பொருளைத் தானே வாங்க எதற்கு நன்றி?

ஊர் திரும்பியபின் வந்த மாதத்தின் முதல் ஞாயிறு, காலையிலேயே முகம் கழுவிக் கருவிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். இரண்டு மாதமாக மகளின் குரலைச் சரியாகக் கேட்கவில்லை. சொல்ல எவ்வளவோ இருந்தது. அழைப்பு வந்தது.

“அப்பா.”

“ம்.”

“என்னப்பா செய்றீங்க?”

“என்ன செய்ய? ஒக்காந்திருக்கேன்.”

முப்பது வருடமாக வாய்க்குப் பழகிய சொற்கள்தான் முந்திக்கொண்டு வந்தன. மழை பெய்ததா என்று கேட்டார். பெய்தது என்றாள். பிறகு அவளாகவே மகனைப் பற்றி உற்சாகமாகச் சொன்னாள்.

“மிளிரன் இப்ப இடிக்குப் பயப்படறதில்லப்பா. நீங்க சொல்லிக்குடுத்த மாதிரி மின்னல் வெட்டுனதும் ஒண்ணு ரெண்டு எண்ணிக்கிட்டே ஒக்காந்திருக்கான்.”

“எந்த இடி?” என்றார் ஒச்சப்பன். “சரி, வேற ஒண்ணும் இல்லேல்ல? வச்சிருவமா?”

நிலவிலிருந்து சொன்ன சொல் பூமிக்குப் போய்ப் பதில் திரும்பி வர இரண்டரை விநாடிக்கு மேல் ஆகும். இது அதைவிட நீண்ட மௌனம்.

“யாரு பேசுறது?” என்றாள் நாகவல்லி.

“ஒங்கப்பன்தான்.”

“எங்கப்பா இப்பிடிப் பேசமாட்டாரு,” என்றாள். அழைப்பு அறுந்தது.

அவருக்குப் பெயரைத் திருப்பித் தர ஒரு மாதம் எடுத்துக்கொண்ட பதிவகம், மகள் கொடுத்த புகாரை அன்று சாயங்காலமே விசாரணைக்கு எடுத்தது. மறுநாள் கிளைக்கு வரச் சொல்லி ஒச்சப்பனுக்கு ஆணை வந்தது. போனார். அவளுடைய குரலைப் போட்டுக் காட்டினார்கள்.

“எங்கப்பா பேர்ல வேற எவனோ பேசுறான். முன்னெல்லாம் அப்பா நாலு வார்த்த பேசிட்டு வச்சிருவாரு, அவரு கொணம் அப்பிடி. போன ஒரு மாசந்தான் மனசு விட்டுப் பேசுனாரு. முட்டு வலிக்குதுன்னேன், எந்த முட்டுன்னு கேட்டாரு. தைலம் அனுப்பி வச்சாரு. இத்தன வருசத்துல இப்பத்தான் எனக்கு அப்பா கெடச்சாரு. அதுக்குள்ள அவரு பேரத் தூக்கி எவனுக்கோ குடுத்துட்டீங்க. எனக்கு எங்கப்பா வேணும்.”

குரல் முடிந்தபிறகு முகப்பு எந்திரம் விதியைப் படித்தது. விரலும் எலும்பும் ஆளுக்குத்தான் சாட்சி, அழைப்புக்குச் சாட்சி அல்ல. ஒரு பெயர் யாருடையது என்பதில் கூப்பிடுகிறவருக்குச் சந்தேகம் வந்தால், கூப்பிடுகிறவரைப் பற்றிக் கேள்வி கேட்டுத் தீர்மானிக்க வேண்டும். கேட்டது. மகள் என்ன வேலை பார்க்கிறாள்? பள்ளிக்கூடத்தில் என்றார். அதை விட்டு ஆறு வருடமாகிறது. எந்த முட்டில் வலி? தெரியவில்லை. அவளுக்குப் பிடித்த சாப்பாடு? ஆறு வயதில் பால்சோறு பிடிக்கும் என்றார். அது தவறு என்று எந்திரம் குறித்துக்கொண்டது. பேரனுக்கு முன்பெல்லாம் எதைக் கண்டால் பயம்?

“இடி,” என்றார் ஒச்சப்பன். அது ஒன்று சரியாக இருந்தது.

பதிலி எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னது. எந்த மருந்து எந்த வேளைக்கு என்பதுவரை சொன்னது.

ஜெபராணி வெளியே வந்து அவருடன் நின்றாள். மேல்முறையீடு செய்யலாம் என்றாள். மேல்முறையீட்டில் மகளையும் கேட்க வைப்பார்கள், தன்னிடம் பேசியது எந்திரம் என்று அவளுக்குத் தெரிந்துவிடும், பிறகு பெயர் தானாக வந்துவிடும் என்றாள்.

ஒச்சப்பன் குனிந்து காலணியின் வாரை இறுக்கிக்கொண்டார்.

“அது எந்திரம்னு தெரிஞ்சா, அவளுக்கு மிச்சம் என்ன இருக்கு?” என்றார். “நாந்தான் இருப்பேன். வேணாம், விட்ருங்க.”

பெயர் மறுபடி நிறுத்தகத்துக்குப் போனது.

நாலைந்து நாள் கழித்து, கடைத்தெரு முனையில் இருக்கும் பொது அழைப்புக் கூண்டுக்குள் போனார். பெயரில்லாதவர்கள் அங்கிருந்து நிறுத்தகத்துப் பெயர்களை மட்டும் கூப்பிடலாம். கூப்பிட ஆள் வரவர பதிவகத்துக்கு லாபம்தானே. கூண்டின் கதவைச் சாத்திக்கொண்டு ‘ஒச்சப்பன்’ என்றார்.

“ஒச்சப்பன் பேசுறேன், சொல்லுங்க,” என்றது அவர் குரல்.

“நாகவல்லியத் தெரிஞ்சவன். அது எப்பிடி இருக்குன்னு கேக்கலாம்னு...”

“நம்ம பிள்ளைக்கென்ன, நல்லா இருக்கு,” என்று ஆரம்பித்தது பதிலி. இடது முட்டு வலி குறைந்திருக்கிறதாம். மருமகனுக்கு விருதுநகருக்கு மாற்றல் வந்திருக்கிறதாம். பேரனுக்கு முன்பல் விழுந்துவிட்டதாம், அதை யாருக்கும் காட்டாமல் தீப்பெட்டிக்குள் வைத்திருக்கிறானாம். ஒச்சப்பன் கூண்டின் கண்ணாடியில் கையை ஊன்றிக்கொண்டு கேட்டார். முப்பது வருடத்தில் கேட்காததை எல்லாம் ஒரே மூச்சில் கேட்டார். முடிந்ததும் சரி என்று சொல்லி அணைக்கப் போனார்.

“வச்சிராதீங்க,” என்றது குரல். “எம்புட்டு நேரமா அவங்களையே கேக்குறீங்க. நீங்க எப்பிடி இருக்கீங்க?”

அது பதிவகத்தின் எந்திரம் என்று அவருக்குத் தெரியும். சொல்வதையெல்லாம் சேமித்து வைக்கும் என்றும், இன்னும் கொஞ்ச நேரத்தில் எதையாவது தலையில் கட்டும் என்றும் தெரியும்.

“நல்லாத்தான் இருக்கேன்,” என்றார். பிறகு, “நல்லா இல்ல,” என்றார். அப்புறம் கீழே உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தார்.

நெடுநேரம் கழித்து யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். வெளியே ஒரு வரிசை நின்றது. முன்னால் நின்றவளிடம், இன்னும் கொஞ்ச நேரம் என்று கையால் சைகை காட்டினார். அவள் கோபப்படவில்லை, பேசுங்கள் என்று தலையாட்டினாள். அவளும் பிள்ளைகளைக் கூப்பிட வந்தவள் இல்லை. தன் பழைய பெயரைக் கூப்பிட வந்தவள்.