அப்பாவுவின் கேபிள்

விஞ்ஞானம் காலடி வைத்த இடத்தில் இருள் நிற்பதில்லை. இந்த மாபெரும் உண்மையை 2003 ஆடி மாதத்து மதியமொன்றில் கும்மிடிப்பூண்டி உருக்காலைக்குப் புரியவைக்கச் சென்னையிலிருந்து வந்த நெட்வொர்க் நிபுணர் ஸ்டீவன், காரிலிருந்து இறங்கிய முதல் காலடியைச் சாணியில் வைத்தார்.

காலையிலிருந்து ஆலையில் ஒரு கம்ப்யூட்டரும் இன்னொன்றோடு பேசவில்லை. எடைமேடையில் ஏறிய லாரி அங்கேயே நின்றது. பின்னால் ஹாரன்கள் அலறின. மேனேஜர் குற்றவாளியை ஏற்கெனவே முடிவு செய்திருந்தார்.

"ஸ்விட்ச் ரூம் சாவி இந்தம்மாகிட்டதான் இருக்குது. இவங்க வேலைதான்னு சொல்லிட்டுப் போங்க சார். இன்னிக்கே ஊட்டுக்கு அனுப்பிடறேன்."

எடைமேடை கன்னியம்மா தலை குனியவில்லை. "நான் இன்னாத்துக்கு அதத் தொடப்போறேன்? அப்பாவு அண்ணன் உலையில வெந்து செத்தாரு. பொணம் ஊடு போய்ச் சேரல, அதுக்குள்ள அவரு கம்ப்யூட்டர கழட்டியாந்து இந்த மேனேஜரு ரூம்ல வச்சாங்க. அதுல சீட்டு ஆடிக்கினு கீறாரு. அவர கேளுங்க சார்."

மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்.

ஸ்விட்ச் அறைக்கு ஜன்னல் இல்லை. கதவில் மட்டும் சின்னக் கண்ணாடி. உள்ளே நுழைந்ததும் குளிர் முழங்கால் வரை ஏறியது. கருகிய துணி வாடை. ஆலையின் கம்ப்யூட்டர்களையெல்லாம் இணைக்கும் ஸ்விட்ச் பெட்டியின் பச்சை விளக்குகள் எல்லாம் வெறிபிடித்தாற்போல் ஒன்றாகத் துடித்தன.

அந்த ஆலையில் கேபிளுக்கு எண் கிடையாது; பிளாஸ்திரி ஒட்டி ஆள் பெயரை எழுதுவார்கள். ஆள் செத்தால் சுருட்டி ரேக்கில் தொங்கவிடுவார்கள். பெயரைக் கிழிக்க யாருக்கும் கை வராது. 'அப்பாவு' என்ற கேபிளின் இரண்டு முனையும் ஒரே ஸ்விட்சில் செருகியிருந்தன.

"லூப்," என்றார் ஸ்டீவன், கடவுளைக் கண்டவர் மாதிரி. "போன தகவலே சுத்திச் சுத்தி வந்து எல்லாத்தையும் அடைச்சிடும். இது கையால செஞ்ச வேலை."

ஒரு முனையைப் பிடுங்கினார். விளக்குகள் நிதானமடைந்தன. வெளியே லாரி நகர்ந்தது.

அவர் கதவைத் தாண்டுவதற்குள் மறுபடியும் ஹாரன். திரும்பிப் பார்த்தார். முனை செருகியிருந்தது.

"இங்க வாம்மா. வெளிய நின்னு ரெண்டு கையையும் கண்ணாடில வை. எடுக்காத."

"நல்லா கீது சார் உங்க படிப்பு," என்று கன்னியம்மா போய் நின்றாள். கதவு சாத்திக்கொண்டது.

பிடுங்கினார். கேபிளைத் தொங்கவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தார்.

பத்து விரல்கள்.

முதுகுக்குப் பின்னால், முனை துளைக்குள் இறங்கிப் பூட்டிக்கொள்ளும் சத்தம்.

க்ளிக்.

விரல்கள் அசையவில்லை.

திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டிப் பிடுங்கினார். இந்த முறை கேபிள் எதிர்த்து இழுத்தது. விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. காதோரம் கருகிய மூச்சு.

"என் கம்ப்யூட்டர் எங்கடா?"

"மேனேஜர் ரூம்ல," என்று கிசுகிசுத்தார் ஸ்டீவன். "மேனேஜர் ரூம்ல, சார்."

கேபிள் கையோடு வந்தது. விளக்குகள் எரிந்தன.

வெளியே மேனேஜர் காத்திருந்தார். "இந்தம்மாதானே?"

"இல்ல சார். எலி."

"எலி கேபிள் செருகுமா?"

"செருகும். புதுசா ஒரு இனம்."

படித்தவர் சொன்னதால் மேனேஜர் தலையாட்டிவிட்டுத் தம் அறைக் கதவைத் திறந்தார். உள்ளேயிருந்து கருகிய துணி வாடை வந்தது.

கன்னியம்மா எடைமேடைக்குத் திரும்பினாள். போகிற போக்கில், "இன்னா சார், பேன்ட்டு நனைஞ்சிகீது?" என்றாள்.

"ஏசி தண்ணி ஒழுகுது," என்றார் ஸ்டீவன்.

ஸ்விட்ச் அறையில் ஏசி கிடையாது.