நகரும் வெள்ளை

அந்த வளர்ப்பறையில் வெள்ளையை யாரும் வெறும் விரலால் நசுக்குவதில்லை. எழுதி ஒட்டாத விதி, எவரும் மீறியதுமில்லை. சப்பாத்திக்கள்ளி மடலில் பஞ்சாய் ஒட்டியிருக்கும் செதில்பூச்சியும், அதைத் தின்னும் வண்டின் புழுவும் ஒரே வெண்மெழுகைப் போர்த்தியவை. நசுக்கினால் இரண்டிலும் ஒரே சிவப்பு, கழுவினாலும் போகாத சிவப்பு. வேறுபாடு ஒன்றுதான். பூச்சி தன் ஊசிவாயை இறக்கிவிட்டால் சாகும்வரை இடம்பெயராது. நகர்வது அதன் எதிரி.

மாலை நான்கு மணிக்கு, மூன்றாம் தட்டில், ஒரு வெள்ளை நகர்ந்தது.

தட்டுகளைச் சோதித்துக்கொண்டிருந்தவளுக்கு அச்சத்துக்கு முன் அலுப்புதான் வந்தது. மேய்ச்சல் நிலங்களை விழுங்கும் கள்ளியை அழிக்கவென்று, அவளும் அவள் அண்ணன் என்றழைக்கும் மூத்த ஊழியரும் மூன்றாண்டுகள் கண்ணும் கருத்துமாய்ப் பெருக்கிய பூச்சிகள்; ஒரு புழு புகுந்தாலும் அத்தனையும் பாழ். அறுபட்ட மடல்களின் புளித்த வாடையும், மின்விசிறியின் ஓயாத முனகலும் சேர்ந்து அவள் இமைகளைக் கீழே இழுத்தன.

"அண்ணே, ஒண்ணு நகருது."

ஜன்னலோரம் முதுகு காட்டி அமர்ந்திருந்தவர் திரும்பவில்லை. "கண்ணு அசந்திருக்கும்மா. மூஞ்சியக் கழுவிட்டு வா."

"கழுவிட்டுத்தான் சொல்றேன். காலையிலேருந்து நாற்காலியில வேர் விட்டுட்டீங்களா? வந்து பாருங்க."

"விட்டாச்சு." அவர் சிரித்தார், தோள் குலுங்கவில்லை. "அலைஞ்சது போதும்மா. இப்பதான் நிம்மதியா இருக்கு."

உருப்பெருக்கியோடு அவள் அருகே போனாள். அவர் காலருக்கு மேலே, பிடரி நெடுகப் பஞ்சு. அடர்ந்த பஞ்சு. ஒன்றுகூட நகரவில்லை.

அவள் மணிக்கட்டிலும் ஒன்று. வலியில்லை. இதமான ஓர் அசதி மட்டும், முழங்கை வழியே ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு காலி நாற்காலி.

உட்காரக் கூடாது.

நகர்ந்த அந்த ஒன்று. அதுதான் இவற்றைத் தின்னும். தள்ளாடியபடி மூன்றாம் தட்டுக்குப் போனாள். எந்தப் புழுவுக்கு அஞ்சினாளோ, அதையே தூரிகை நுனியில் ஏந்திவந்து, மூச்சடக்கி, அவர் பிடரியில் விட்டாள்.

புழு தலையைத் தூக்கியது. முதல் வெள்ளையை நோக்கி ஊர்ந்தது.

நாளெல்லாம் அசையாதிருந்த கை எழுந்தது. நிதானமாய்ப் பின்னால் வளைந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே, வெறும் கட்டைவிரல் புழுவின்மீது இறங்கி, அழுத்தித் தேய்த்தது.

சிவப்பு காலருக்குள் வழிந்தது.

"உக்காரும்மா," என்றார்.