பதினான்காம் கிணறு

உள்ளே போனவை பதின்மூன்று வரிகள். வெளியே வந்தவை பதினான்கு.

ஷோபனா லேப்டாப்பை முறைத்தாள். பகலெல்லாம் வெயில் குடித்த ராஜகிரிப் பாறைகள் அந்தச் சூட்டைச் செஞ்சித் தெருக்களுக்குள் திருப்பி ஊதிக்கொண்டிருந்தன, மேலே மின்விசிறி கிறீச் கிறீச்சென்று அனல்காற்றையே கிளறியது, கொல்லைப்புற ஜன்னல் வழியாகப் பாசி வாடை மட்டும் சில்லென்று வந்து போனது. வாடை எங்கிருந்து வருகிறது என்று எழுந்து பார்க்க அவளுக்கு நேரமில்லை.

வீட்டிலிருந்து சிங்கவரம் வரை பதின்மூன்று கிணறுகளில் அவளும் கணவன் பிரசாந்தும் சென்சார் மாட்டியிருந்தார்கள். ஒன்றாம் எண், சோதனைக்காக அவர்கள் கொல்லைக் கிணற்றிலேயே, பூட்டிய கம்பி வலைக்கு அடியில். இரண்டு, பக்கத்து வீட்டு மெஹராஜ் பேகத்தின் கிணறு. எண் ஏற ஏற வீட்டை விட்டுத் தூரம். நொடிக்கொரு தரம் தண்ணீர் மட்டம் சென்னைக் கம்பெனியின் டேட்டா பைப்லைனுக்குள் போகும். நடுவில் உட்கார்ந்து அதைப் பரிசோதிப்பது அவள் எழுதிய வெப்அசெம்ப்ளி மாட்யூல் என்ற குட்டி நிரல். மட்டம் திடீரென ஒரு சாண் ஏறினால் ஆடோ ஆளோ உள்ளே விழுந்துவிட்டது என்று பொருள். உடனே கிணற்றுக்காரர் போன் அலற வேண்டும். ஆறு மணிக்குச் சென்னைக்காரர்கள் பார்க்கிறார்கள். சொதப்பினால் ஆறு மாத உழைப்பு அம்போ.

மாட்யூல் ஒரு மூடிய பெட்டி. கடிகாரம் தெரியாது, இணையம் தெரியாது. இந்தப் பக்கம் கொடுப்பதை வாங்கி அந்தப் பக்கம் தருவதோடு சரி. அது எப்படித் தானாக ஒரு வரி எழுதும்?

கிணறு 14. ஒரு சாண் உயர்வு. நேரம் 5.40.

சுவர்க் கடிகாரத்தில் மணி ஐந்து பத்து.

மறுபடி கம்பைல் செய்தாள். அதே வரி. இன்னொரு முறை. அதே சனியன். எரிச்சலில் மொத்தத்தையும் அழித்துவிட்டு, எதையும் திருப்பித் தராதே என்று மட்டும் எழுதி ஓடவிட்டாள். பதின்மூன்றும் காணாமல் போயின. ஒரே ஒரு வரி வெளியே வந்தது.

கிணறு 14. ஒரு சாண் உயர்வு. 5.40.

சிங்கவரத்துக்கு அப்பால் அரிகிருஷ்ணன் நிலத்தில் பதினான்காவதை மாட்டத்தான் பிரசாந்த் போயிருந்தான். போன் போட்டாள்.

"ஏங்க, மாட்டிட்டீங்களா?"

"இன்னும் டப்பாவே பிரிக்கல. ஏன்?"

"அதுலேர்ந்து அளவு வருது."

"பேட்டரியே போடலம்மா, எப்படி வரும்?" சிரித்தான். "மணி ஆவுது. பதினாலு வந்தா தள்ளிவுடுன்னு எழுதிடு. டென்ஷன் ஆவாத. இரு, கெணத்துக்குள்ள இன்னாவோ சத்தம் கேக்குது. பாத்துட்டு மாட்டிட்டு வரேன்."

பழைய நிரலை மீட்டு அவன் சொன்னபடியே ஒரு விதி சேர்த்தாள். பதினான்கிலிருந்து எது வந்தாலும் தள்ளு. உள்ளே பதின்மூன்று, வெளியே பதின்மூன்று. போதும்டா சாமி என்று எழுந்துபோய் டீ போட்டாள்.

ஐந்து ஐம்பத்திரண்டுக்கு அரிகிருஷ்ணன் கூப்பிட்டார்.

"இன்னாம்மா, உன் வூட்டுக்காரரு எங்க? வண்டி நிக்குது, செருப்பு கெணத்து மேட்டுல கெடக்குது. ஆளக் காணோம்."

"உள்ள பாருங்கண்ணா!"

"பாத்துட்டேம்மா. பொட்டி மாட்டியிருக்குது. தண்ணி ஆடாம அசையாம கெடக்குது."

உங்க போனுக்கு ஒண்ணும் வரலியா என்று கேட்க வாயெடுத்தாள். தான் சேர்த்த விதி நினைவுக்கு வந்தது.

மாட்யூலுக்குள் போகுமுன் சென்சார்கள் அனுப்பிய பதிவுகளைத் திறந்தாள். பதினான்கு. 5.40. ஒரு சாண் உயர்வு. பிறகு ஏற்றம், இறக்கம். ஏற்றம், இறக்கம். கைகால் அடித்தால் தண்ணீர் அப்படித்தான் அலையும். நான்கு நிமிடம். அதன்பின் அசைவில்லை. ஒவ்வொரு வரியையும் அவள் விதி தள்ளியிருந்தது.

பாவி. நான்தான். நானேதான்.

"ஆளுங்கள எறக்குங்கண்ணா! அவரு உள்ளதான் இருக்காரு!"

புதிய வரி விழுந்தது. பதினான்கு. ஒரு சாண் இறக்கம்.

வெளியே வந்துவிட்டானா?

"யாரும் ஏறி வரலம்மா," என்றார் அரிகிருஷ்ணன். "கண்ணெதிர தண்ணி மட்டும் கீழ போவுது..."

பதின்மூன்று. ஒரு சாண் உயர்வு. இறக்கம்.

பன்னிரண்டு. உயர்வு. இறக்கம்.

அரிகிருஷ்ணனுக்குப் பின்னால் யாரோ ஒருவரின் போன் அலறியது. தள்ளி இன்னொன்று.

ஒன்பது. எட்டு. ஏழு.

தெருக்கோடியில் ஒரு போன். நாலு வீடு தள்ளி ஒன்று. பிறகு சுவருக்கு அந்தப் பக்கம், மெஹராஜ் பேகம் வீட்டில்.

நின்றது.

பாசி வாடை.

அவள் கையிலேயே போன் அலறியது. கிணறு 1. ஒரு சாண் உயர்வு. மாட்யூல் சரியாக வேலை செய்தது.

ஜன்னலுக்குப் போனாள். கம்பி வலையில் பூட்டு தொங்கியது. உள்ளிருந்து நான்கு விரல்கள் வலைக்கண்களைப் பற்றியிருந்தன. நனைந்த விரல்கள். ஒன்றில் அவள் போட்ட கல்யாண மோதிரம்.

அந்த மணிக்கட்டைக் கீழிருந்து இன்னொரு கை பிடித்திருந்தது.