பின்கதவு திறந்துதான் இருந்தது

அக்கா காலையிலேயே பாருக்கு வந்துவிட்டாள். கடை தம்பியுடையது, கல்லாவும் சாவிக்கொத்தும் அக்காவிடம். தீப்பிடித்ததிலிருந்து மூடிக் கிடந்த கடைக்கு இன்று கலால் அதிகாரியும் இன்சூரன்ஸ்காரரும் சேர்ந்து வருகிறார்கள். இருவரும் தலையசைத்தால்தான் மறுபடி திறக்க முடியும்.

வேலை தலைக்கு மேல் கிடந்தது. சீல் உடைந்த பாட்டில்களை ஒதுக்க வேண்டும், தேதி முடிந்த பீரைக் கொட்ட வேண்டும், லைசன்ஸைக் கண்ணில் படுகிற இடத்தில் மாட்ட வேண்டும். சமையல்காரர் மாஸ்டர் அடுப்புக்கு மேலிருந்த புகைக்கூண்டுக்குள் பாதி உடம்பை நுழைத்து எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"என் கல்யாணத்தன்னிக்குக்கூட நான் இவ்வளவு தேய்ச்சுக் குளிச்சதில்ல," என்று உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது.

அக்கா சிரித்துவிட்டுப் பின்பக்கம் போனாள். சமையலறைக்கும் பின்தெருவுக்கும் நடுவே ஓர் ஒடுக்கமான நடை. சமையலறைப் பக்கம் ஒரு கதவு, மறுமுனையில் இரும்புக் கதவு. ஆபத்து நேரத்தில் தள்ளிக்கொண்டு வெளியே ஓடுவதற்கான கதவு அது. ஆனால் அதன் குறுக்குக் கம்பியில் தம்பி எப்போதும் சங்கிலி சுற்றிப் பூட்டி வைத்திருப்பான். குடித்தவன் பில்லைக் கட்டாமல் அந்த வழியாக நழுவிவிடுவானாம். சோதனை நாளில் மட்டும் சங்கிலி இறங்கும். அதிகாரி தெருமுனை தாண்டியதும் மறுபடி ஏறும்.

தம்பி சங்கிலியைக் கழற்றி அவள் கைப்பைக்குள் திணித்தான்.

"உன் பையை யாரும் பாக்க மாட்டாங்க. பத்திரம்."

"இனிமே இதைப் போடாதடா."

"ஆரம்பிக்காதக்கா."

"சோடா செத்தது போதாதா?"

"மெதுவா பேசு. மாஸ்டருக்குக் கேக்கும்."

சோடா என்று எல்லோரும் கூப்பிட்டது பாரில் ஊற்றிக் கொடுத்தவனை. எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்த அன்று மற்றவர்கள் முன்வாசலுக்கு ஓட, அவன் மட்டும் பின்னால் ஓடினான். தீ அடங்கியதும் முதலில் உள்ளே போனது தம்பி. அவன் முதுகுக்குப் பின்னால் அக்கா. சோடா பின்கதவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். தட்டித் தட்டி அவன் விரல்கள் ஒவ்வொன்றும் ஒரு திசையில் முறிந்து தொங்கின. தம்பி அவன் தோளுக்கு மேலாகத் துணியோடு கையை நீட்டி, சங்கிலியை அவிழ்த்து, ஐஸ் பெட்டிக்குள் போட்டான். அது சீறியது.

கதவு திறந்துதான் இருந்தது, போதையில் வழி தெரியாமல் விழுந்துவிட்டான் என்று விசாரிக்க வந்தவர்களிடம் தம்பி சொன்னான். ஆமாம் என்றாள் அக்கா. அம்மா போனபிறகு அவள் இடுப்பில் சுமந்து வளர்த்த தம்பி. அவன் ஜெயிலுக்குப் போவதைப் பார்க்கும் தெம்பு அவளுக்கு இல்லை. அன்றிலிருந்து சரியான தூக்கமும் இல்லை.

நடைக்குப் புதிதாகப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். அந்த வாடையையும் மீறி மயிர் கருகும் நாற்றம் வந்தது.

"உனக்கு வருதா?" என்று கிசுகிசுத்தாள்.

தம்பி மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தான்.

அதிகாரிகள் வந்தார்கள். கலால் அதிகாரி பாட்டில் பாட்டிலாகத் திருப்பிச் சீல் பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் அகப்படாத வருத்தம் அவர் முகத்தில் தெரிந்தது. இன்சூரன்ஸ்காரர் தீயணைக்கும் சிலிண்டர்களைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "பின்கதவையும் பாத்துடலாம்," என்றார்.

"வாங்க சார், சும்மா ஒரு விரலால தள்ளுங்க, தெறந்துக்கும்," என்று தம்பி முன்னால் நடைக்குள் போனான்.

இன்சூரன்ஸ்காரர் காலெடுத்து வைக்குமுன் சமையலறைக் கதவு அவர் முகத்தில் அறைந்து மூடியது. மூக்கிலிருந்து ரத்தம் கொட்ட அவர் பின்னால் விழுந்தார்.

உள்ளே தம்பி தட்ட ஆரம்பித்தான்.

"அக்கா, யாரு சங்கிலியைப் போட்டது?"

சங்கிலி அவள் தோளில் தொங்கிய பைக்குள் கனத்தது.

"அக்கா, புகை. மூச்சு முட்டுது."

கதவிடுக்கில் புகையே இல்லை. அவன் இருமும் சத்தம் மட்டும் வந்தது, குடலே வெளியில் வந்துவிடும்போல. தட்டல் வேகமானது. அதற்கு நடுவே, காய்ந்த சுள்ளி ஒடிவதுபோல ஒரு சத்தம்.

இன்னொன்று.

இன்னொன்று.

அவை என்னவென்று அக்காவுக்குத் தெரியும். அவள் கதவில் தோளால் மோதினாள். மாஸ்டர் கறி வெட்டும் கத்தியை எடுத்துவந்து கீலைக் கொத்தினார். கத்தி தெறித்து அவர் முன்கையைக் கிழித்தது; கத்தியை அவர் விடவில்லை. கலால் அதிகாரி ஆளைக் கூட்டிவர முன்வாசல் வழியாக ஓடினார்.

உள்ளே சத்தம் நின்றது.

கதவு தானாகத் திறந்தது.

நடை முழுக்க வெயில். சுவரில் ஒரு பொட்டுக் கரி இல்லை. கடைசியில் பின்கதவு அகலத் திறந்து சுவரோடு ஒட்டிக் கிடந்தது. வாசற்படிக்கு உட்புறம் தம்பி உட்கார்ந்திருந்தான். பத்து விரலும் முறிந்து, நகம் பிய்ந்து, எலும்பு வெளியே தெரிந்தது. திறந்த வாயில் கரி படிந்த எச்சில். அக்கா அவனை மடியில் போட்டுக்கொண்டு கன்னத்தைத் தட்டினாள். தலை துவண்டு விழுந்தது.

பின்தெருவில் பீர் பெட்டி இறக்க வந்த லாரி டிரைவர் நின்றிருந்தான்.

"கதவு தெறந்துதாங்க கெடந்துச்சு. இவரு வாசல்ல நின்னு வெறும் காத்துல குத்துறாரு, கை ஒடையுது. வாங்க, வெளிய வாங்கன்னு நானும் கத்துறேன். கையைப் பிடிச்சு இழுக்கலாம்னு வந்தா, கிட்ட வர முடியல. அப்படிச் சுடுது."

அக்கா தம்பியின் தலையை மெல்லத் தரையில் வைத்தாள். அவனை வெளியே, வெளிச்சத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அது ஒன்றுதான் அவளுக்குத் தோன்றியது. அவன் அக்குளில் கைகொடுத்து, தெருவுக்கு முதுகைக் காட்டி இழுத்துக்கொண்டே வாசற்படியில் பின்னால் கால் வைத்தாள்.

அவள் முதுகு எதிலோ முட்டியது. புடவை பொசுங்கியது.

திரும்பிப் பார்த்தாள். எதிரே வெயில், லாரி, பெட்டிகள், தன்னைப் பார்த்து வாங்கம்மா என்று கைநீட்டும் டிரைவர். அவள் உள்ளங்கையை மெதுவாகக் காற்றில் வைத்தாள். தோல் வெந்து ஒட்டிக்கொண்டது.

நடையின் மறுமுனையில், மாஸ்டரின் கண்ணெதிரே, சமையலறைக் கதவு மூடியது.