வெல்டர் ரெஜினா

ரெஜினா பிறந்த அன்றைக்குக் கீழூர் மூச்சுப்பொறி அவளுக்கென்று காற்று விட மறுத்துவிட்டது. அறையில் மூன்று உயிர்கள் இருந்தன. பொறி இரண்டு பேருக்கு மட்டும் விட்டது. ஊரார் விவரமெல்லாம் எழுதிவைக்கும் கூட்டேட்டில் பக்கம் இல்லாதவர் அதன் கணக்கில் ஆளே இல்லை.

தூத்துக்குடிக்குக் கிழக்கே, கடலுக்கு அடியில், மின்சுழலிகளைப் பார்த்துக்கொள்ளும் கூட்டத்துக்காகக் கட்டிய ஊர் கீழூர். காற்று, தண்ணீர், சோறு, கதவு எல்லாம் அங்கே பக்கத்தைப் பார்த்துத்தான் நடக்கும். கூட்டேட்டில் யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று மேலே இருப்பவர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். எழுதலாம்தான். எந்தக் கட்டத்தில் எதை எழுதலாம் என்பதை மட்டும் அவர்கள் செய்து அனுப்பிய வார்ப்பு, அந்த வெற்றுப் படிவம், முடிவு செய்யும். கடலில் காலை நனைக்காதவர்கள் செய்த வார்ப்பு.

அந்த வார்ப்பில் ஆட்களைப் பதிகிற வேலை அமலியுடையது. பக்கக்காரி என்றுதான் ஊரில் அவளைக் கூப்பிடுவார்கள். சமையல் பார்த்த ஜெனிட்டா பிரசவத்துக்குக் கரைக்குப் போக வேண்டியவள், வலி முந்திக்கொண்டது. பிள்ளை பிறந்ததும் அமலி பக்கம் போட உட்கார்ந்தாள். தொழில் என்ற கட்டத்தில் வெல்டர், முங்குகிறவர், சமையல் என்று இருந்தது. பிள்ளை என்று இல்லை. கட்டத்தை வெறுமையாக விட்டால் பக்கம் நிற்காது. ஜெனிட்டாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது.

புதுப் பக்கத்தை முதலிலிருந்து நிரப்புகிற வழக்கம் கீழூரில் யாருக்கும் கிடையாது. இஞ்ஞாசியின் பக்கம்தான் ஊரிலேயே முதல் பக்கம், ஒழுங்காக நிரப்பிய பக்கம். அதை நகல் எடுத்துப் பேரை மாற்றிவிடுவார்கள். பதற்றத்தில் அமலியின் கையும் அதையே செய்தது. இஞ்ஞாசி வெல்டர். ஆகவே ரெஜினாவும் வெல்டர். காற்று சீறிக்கொண்டு வந்தது. பக்கத்துக்கு அடையாளமாகச் சின்னதாக ஒரு வளையம் வந்து விழுந்தது. அதைப் பிள்ளையின் காலில் மாட்டினார்கள்.

மறுநாள் அந்த அறை வாசலில் முகமூடியும் கையுறையும் வந்து நின்றன. வேலைமணி ரெஜினாவைப் பேர் சொல்லி அழைத்தது. ஊரே சிரித்தது. இஞ்ஞாசி அவள் முறையையும் சேர்த்துச் செய்தார். வம்பு பேசுகிறவர்களிடம், இவ்வளவு மரியாதையாக வாயை மூடிக்கொண்டிருக்கிற வெல்டரைத் தான் பார்த்ததே இல்லை என்பார்.

அமலிக்குச் சிரிப்பு வரவில்லை. வார்ப்பை மாற்றச் சொல்லி மேலே எழுதிக்கொண்டே இருந்தாள். ஒருவழியாக மாற்றினார்கள். தொழில் கட்டத்தில் பிள்ளை என்று ஒரு வரி வந்தது. ஓடிப்போய் ரெஜினாவின் பக்கத்தைத் திறந்தாள். வெல்டர் என்றே இருந்தது. வார்ப்பை மாற்றினால் இனிப் போடுகிற பக்கங்கள்தான் மாறும், இருக்கிற பக்கங்கள் இருந்தபடி இருக்கும் என்று மேலிருந்து பதில் வந்தது. தொழிலைத் திருத்த அவளுக்கு உரிமை இல்லை. பக்கத்தை அழித்துப் புதிதாகப் போடலாம். ஆனால் அழித்த பக்கம் குப்பையில் ஒரு வாரம் கிடக்கும், அதுவரைக்கும் அந்தப் பேருக்குக் காற்று இல்லை.

"தட்ட மாத்திட்டா வெந்த இட்லி மாறுமா பிள்ள?" என்றார் இஞ்ஞாசி. "அவனுவ வெவரமாத்தான் சொல்லுதானுவ. நீ அந்தப் பக்கத்தத் தொடாத."

காற்றுதான் வருகிறதே, கரைக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று அமலியும் விட்டுவிட்டாள். அவள் செய்த தப்பு அதுதான்.

மின்சுழலிக் கிணற்றின் சுவர் விரிசல் விட்டது ஒரு மத்தியானம். சங்கு ஊதியது. எல்லாரும் கரைக்குப் போகும் ஏறுகலத்துக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். இஞ்ஞாசி மட்டும் கிணற்றுக்குப் போயிருந்தார். கலத்தின் கதவு பாதி மூடி நின்றுவிட்டது. சுவர் ஒழுகினால் வெல்டர்கள் கலத்தில் ஏறக்கூடாது என்பது விதி. வெல்டர் ரெஜினா வேலையிடத்தில் இல்லை, அவர் போகும்வரை கலம் புறப்படாது என்று கலம் சொன்னது. பதறாத, மரியாதையான குரலில் சொன்னது.

ஜெனிட்டா பிள்ளையை நெஞ்சோடு அமுக்கிக்கொண்டாள். "யக்கா, நீதான எழுதின" என்றாள்.

அமலி பிள்ளையின் காலிலிருந்து வளையத்தை உருவிக்கொண்டு இறங்கி ஓடினாள். கிணற்றில் முழங்கால் மட்டும் தண்ணீர். இஞ்ஞாசி வளையத்தைப் பார்த்தார், புரிந்துகொண்டார், கம்பியால் அதைத் தன் மணிக்கட்டில் கட்டினார்.

"ஒத்தாசைக்கு ஆளு வந்தாச்சு. நீ போ" என்றார்.

அமலி திரும்பி வந்து ஏறியதும் கலம் திருப்திப்பட்டது. வளையம் இல்லாத பிள்ளையைச் சரக்கு என்று எடைபோட்டுக்கொண்டு கிளம்பியது.

இஞ்ஞாசி சுவரை அடைத்துவிட்டு மறுநாள் சின்னக் கலத்தில் கரை சேர்ந்தார். முகமெல்லாம் வெந்திருந்தது, ஆனால் ஆள் முழுசாக இருந்தார். கட்டிய கம்பி மட்டும் தண்ணீர் வேகத்தில் அறுந்துபோயிருந்தது. வளையம் கடலோடு போய்விட்டது. கூட்டேடு தானாகவே எழுதி முடித்திருந்தது: வெல்டர் ரெஜினா, பணியில் இறந்தார். இறந்தவர் பக்கத்தில் யாரும் எழுத முடியாது. பிறப்புப் பதிவு அந்தப் பக்கத்துக்குள்ளேயே பூட்டிக்கிடந்ததால் வேறு பக்கமும் போட முடியாது.

கரையிலும் எல்லாம் பக்கம்தான். பிள்ளைக்குக் காய்ச்சல் கொதித்தது. ஆஸ்பத்திரிக் கதவு, ஜெனிட்டா பிள்ளையை நீட்ட நீட்ட, உங்கள் கையில் நோயாளி யாரும் இல்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தது. உள்ளே ஆள் இல்லையா என்று இஞ்ஞாசி கதவைத் தட்டினார். உள்ளேயும் பொறிகள்தான்.

அமலி வார்ப்புக்காரர்களைக் கூப்பிட்டாள். பேசிய பையன் நல்லவன். அவள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டான், மிகவும் பயனுள்ள யோசனை என்றான். அவள் காத்திருக்கும்போதே வார்ப்பில் ஒரு கட்டம் சேர்த்தான்: இறந்ததாகத் தவறாகப் பதியப்பட்டவர்.

"இப்ப பிள்ளைக்குத் திறக்குமா தம்பி?"

"இது இனிமே போடற பக்கங்களுக்குதாங்க. ஏற்கெனவே இறந்தவங்களுக்குப் பொருந்தாது."

அமலி அழைப்பைத் துண்டித்தாள். பிறகு தன் வளையத்தைக் கழற்றி, பிள்ளையின் தொடையில் சுற்றி இறுக்கினாள்.

கதவு திறந்தது. வாருங்கள் அமலி, உங்களுக்குக் காய்ச்சல் இருக்கிறது என்றது. ஜெனிட்டா துணையாளாக உள்ளே ஓடினாள். பின்னாலேயே போக அமலி காலை வைத்தாள். கதவு அவளைக் கண்டுகொள்ளாமல் மூடிக்கொண்டது.

வெந்த முகத்தோடு இஞ்ஞாசி படியில் உட்கார்ந்தார். "வெல்டரு பக்கக்காரி ஆயிட்டா. நல்ல முன்னேற்றந்தான்" என்றார். அமலி சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

மறுநாள் காலை பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கியது. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் ஜெனிட்டாவின் மடியில் பால் குடித்துக்கொண்டிருந்தது. அதன் தொடையிலிருந்த வளையம் வேலைமணி அடித்தது. பக்கக்காரி அமலிக்கு இன்றைய முதல் வேலை என்று வாசித்தது:

வாசலில் பக்கம் இல்லாத ஒரு பெண் நிற்கிறாள். அவளுக்குப் பக்கம் போடவும்.